பொங்கல் லீவில் கட்டிய வேலி

பொங்கல் விடுமுறையில் வீட்டு வேலையைத் தானே செய்துகொள்வது ஒரு தொழில். அதில் சேர முன் அனுபவம் கேட்கமாட்டார்கள், சம்பளம் கிடையாது, கை கிழிந்தால் லீவும் கிடையாது.

கணவர் மஸ்கட்டிலோ துபாயிலோ இருக்க, ஊரில் அவர் கட்டிய வீட்டைக் காத்துக்கொண்டிருக்கும் என் சக தொழிலாளிகளுக்காக இதை எழுதுகிறேன். குழந்தை தூங்கிய பிறகுதான் எழுத முடிகிறது. அவள் மூச்சு விடுகிறாளா என்று நடுநடுவே எழுந்து போய்ப் பார்ப்பதால் வாக்கியங்கள் அங்கங்கே அறுந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், தெருவின் கடைசிக்கு முந்தின வீடு. பின்னால் கொல்லை. கொல்லை முடிகிற இடத்தில் பாசன வாய்க்கால். வீடு கட்டியது கோடையில். அப்போது வாய்க்கால் காய்ந்து கிடந்தது, அதற்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். பின்பக்கம் ஒரு தடுப்பு வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இப்போது தை மாதம். தாமதமாக நட்ட இரண்டாம் போகத் தாளடிப் பயிருக்காகத் தண்ணீர் விட்டிருந்தார்கள். வாய்க்கால் கரை தொட்டு ஓடியது.

ஆள் கிடைக்காத வாரம்

என் மகள் இனியா நடக்கப் பழகிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. போகிக்கு முந்தின நாள் காலை நான் மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். அத்தை, அதாவது என் மாமியார், குத்துவிளக்குகளைத் துலக்கிக்கொண்டிருந்தார். குழந்தை எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். மிக்ஸி நின்றபோது அவள் அங்கே இல்லை. கொல்லைக்கு ஓடினேன். வாய்க்கால் கரையில் குந்தி உட்கார்ந்து, சமையலறையிலிருந்து அள்ளிப்போன கரண்டிகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டு, அது முழுகுவதைப் பார்த்துக் கை தட்டிக்கொண்டிருந்தாள். கடைசிக் கரண்டியும் போய்விட்டிருந்தது. அடுத்து எது போகும் என்று எனக்குத் தெரிந்தது.

அன்று முழுக்க போனும் கையுமாக இருந்தேன். கொத்தனார் தன் வீட்டுக்கே வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். வாய்க்கால் கரை புறம்போக்கு, அதில் சுவர் எழுப்பக்கூடாது என்று அவர்தான் நினைவுபடுத்தினார். இன்னொருவர் அறுவடை மிஷினோடு மன்னார்குடிப் பக்கம் போயிருந்தார். கடைசியாக வேலி கட்டுகிற ஆள் ஒருவர் கிடைத்தார். விஷயத்தை முழுவதும் சொன்னேன், கரண்டியைக்கூட விடவில்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "பொங்கல் கழிச்சு வந்து பார்க்கறேம்மா. வாய்க்கால் எங்கயும் ஓடிப் போயிடாது."

கோழியா, ஆடா?

போகியன்று காலை, தெருவெல்லாம் டயர் புகை நாறிக்கொண்டிருந்தபோது, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடையில் பெயிண்ட் வாங்குகிற கூட்டம். என் முறை வந்ததும் வேலிக்கு வலை வேண்டும் என்றேன். கடைக்கார பாய் நிமிர்ந்து பார்க்காமலே கோழிக்கா, ஆட்டுக்கா என்று கேட்டார். கோழி வலை என்றால் கண் சிறிதாக இருக்குமாம், கம்பி மெல்லிசு. ஆட்டு வலை என்றால் கண் பெரிது, ஆனால் கம்பி கனம், முட்டினாலும் தாங்கும்.

நான் தஞ்சாவூரில் கான்வென்ட்டில் படித்தவள். கேள்விக்கு நேர்ப் பதில் சொல்லப் பழக்கியிருக்கிறார்கள். குழந்தைக்கு என்றேன். கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. இனியாவைப் பார்த்தார். அவள் மேசை மேலிருந்த ஆணிப் பெட்டிக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தாள். வலையை இறக்கச் சொல்லி ஆளுக்குக் கைகாட்டிவிட்டுச் சொன்னார்: "குழந்தைக்குன்னு தனியா வலை வர்றதில்லம்மா. ஆட்டு வலையே எடுத்துட்டுப் போங்க. ரெண்டுல ஆடாவது சொன்னா கேக்கும்."

களிமண்

வலையோடு சவுக்குக் கழிகளும் கட்டுக்கம்பியும் ஒரு கட்டிங் பிளேயரும் வந்து இறங்கின. குழி தோண்டிக் கழி நட வேண்டும், அவ்வளவுதானே என்று கடப்பாரையைத் தூக்கினேன். எங்கள் ஊர் மண்ணைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறேன். வளமான வண்டல், நெல்லுக்கு உகந்தது. கடப்பாரைக்கு உகந்ததா என்று அதில் போடவில்லை. குத்தினால் உள்ளே போய்விடுகிறது, இழுத்தால் வருவதில்லை. என் எடை முழுவதையும் போட்டு இழுத்தால் கடப்பாரை வருகிறது, நானும் கூடவே மல்லாக்க வருகிறேன்.

மத்தியானத்துக்குள் வரிசையாகக் குழிகள் தோண்டிவிட்டு, கை கழுவித் தண்ணீர் குடிக்க உள்ளே போய்விட்டு வந்தேன். எல்லாக் குழியிலும் தண்ணீர் ஊறி நின்றது. வாய்க்கால் பக்கத்திலேயே இருக்கிறது, ஊறாமல் என்ன செய்யும்? குழந்தை விழ ஒரு வாய்க்கால்தான் இருந்தது. இப்போது வீட்டுக்கு இன்னும் கிட்டத்தில், அவள் அளவுக்கே, நானே ஒரு வரிசை தோண்டிவைத்திருந்தேன். செங்கல் துண்டும் ஜல்லியும் போட்டுக் கழிகளை இறுக்கி நடுகிறவரைக்கும் ஒவ்வொரு குழியையும் மூட என்னென்னமோ எடுத்துவந்தேன்: இட்லிப் பானை, அம்மிக் குழவி, அண்டா மூடி. பானையைத் தேடிக்கொண்டு வந்த அத்தை கொல்லை முழுக்கக் கிடந்த தன் பாத்திரங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சொன்னார்: "வேலி போடறேன்னு வாய்க்காலை வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டியே வித்யா."

மஸ்கட்டிலிருந்து மேற்பார்வை

அன்று மாலை என் கணவர் வீடியோவில் வந்தார். மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் சைட் சூப்பர்வைசர். மேற்பார்வை அவருக்குத் தொழில். போனை ஒவ்வொரு கழியின் முன்னும் காட்டச் சொன்னார். மூன்றாவது கழி சாய்ந்திருக்கிறது, ஐந்தாவது வரிசையை விட்டு விலகியிருக்கிறது, நூல் பிடித்தாயா என்றார். குழந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்றேன். கரண்டிக் கதையைச் சொல்லவில்லை. சும்மா ஒரு பாதுகாப்புக்கு என்று மட்டும் சொல்லியிருந்தேன். அவ்வளவு தூரத்தில் ஒரே அறையில் நாலு பேரோடு படுத்துக்கிடப்பவரிடம் எதைச் சொல்வது, எதை விடுவது என்பது உங்களுக்குத் தெரியாததா?

வலை கழுத்து உயரத்துக்கு வரும் என்றதும் முகம் வாடியது. அந்தப் பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் வாய்க்காலும் அதற்கப்பால் வயலும் ஒரே பச்சையாகத் தெரியும். அதற்காகத்தான் அந்தப் பக்கம் வாசலே வைத்தார். கட்டிய பிறகு அங்கே மொத்தம் ஒரு மாதம் உட்கார்ந்திருப்பார். கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் தணிந்த குரலில் சொன்னார்: "போனைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பேன் வித்யா. வலை போடறதுக்குள்ள தண்ணி எவ்வளவு போகுதுன்னு பார்த்துக்கறேன்."

வேலிக்குத் தையல்

பொங்கலன்று பானை பொங்கி, படையல் முடிந்து, அத்தை கண்ணயர்ந்த பிறகு வலையைக் கழிகளில் கட்ட ஆரம்பித்தேன். நல்ல நாளில் ஆணி அடிக்கக்கூடாது என்று அத்தை காலையிலேயே சொல்லிவிட்டார். ஆணி இல்லை, கம்பிதான் என்று சமாதானம் சொல்லியிருந்தேன். குழந்தையின் இடுப்பில் என் துப்பட்டாவைக் கட்டி மறுமுனையைக் கொய்யா மரத்தில் முடிந்திருந்தேன். அதை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று வேறு பயம்.

கட்டுக்கம்பியை எப்படி முடிவது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தது தையல் வகுப்பு. பள்ளியில் சிஸ்டர் ஒருவர் காஜா எடுப்பதை மட்டும் ஒரு வருஷம் சொல்லிக்கொடுத்தார். இழை தளர்ந்தால் பிரித்துவிட்டு முதலிலிருந்து போடச் சொல்வார். அந்தக் காஜாத் தையலையே கம்பியில் போட்டேன். வலையின் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு சுற்று, ஒரு முடிச்சு, கட்டிங் பிளேயரால் ஒரு முறுக்கு. அடிப்பக்கம் ஓணான் நுழையாத அளவுக்கு இழுத்து மண்ணில் பதித்தேன். விரல்களில் ரத்தம் கசிந்தது. ஆனால் மனசு முதல் முறையாக அடங்கியது. பக்கத்து வீட்டு ராசாத்தி அக்கா சர்க்கரைப் பொங்கல் கொடுக்க வந்தார். அவர்கள் கொல்லைக்கும் எங்கள் கொல்லைக்கும் நடுவில் சுவர் இல்லை, பின்பக்கமாகவே வருவார். தையலைக் கையால் இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. "ஏங்க வித்யா, இது வேலியா, இல்ல ரவிக்கையா? அவுக்கணும்னா ஒரு தையக்காரனைத்தான் கூட்டியாரணும்."

மாடு இறங்கும் இடம்

வேலி போட்ட மகிழ்ச்சியில் நான் மறந்தது மாட்டுப் பொங்கலை. ராசாத்தி அக்கா வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் கரை செங்குத்து, கருவை முள்ளும் அடைத்துக்கிடக்கும். மறுபக்கத்து வீட்டுக்காரர் கரை வரைக்கும் சுவர் எழுப்பிவிட்டார். எங்கள் கொல்லைக்குப் பின்னால் மட்டும்தான் சரிவு. இந்த வீடு வருவதற்கு முன்னாலிருந்தே அக்கா வீட்டு மாடுகள் அந்தச் சரிவில்தான் இறங்கிக் குளிக்கும். மற்ற நாளில் மோட்டார் போட்டுக் கழுவிவிடுவார்கள். இந்த ஒரு நாள் வாய்க்காலில் இறக்காமல் இருக்கமாட்டார்கள்.

மதியத்துக்கு மேல் அக்காவின் கணவர் முருகையன் அண்ணன் இரண்டு பசுவோடும் கன்றுக்குட்டியோடும் வந்து வேலி முன்னால் நின்றார். மாடுகளும் நின்றன. யாரும் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் மறுத்திருப்பேன். கோயில் குளத்தில் குளிப்பாட்டலாமே என்று கேட்டுப் பார்த்தேன். அங்கே வேறு தெரு மாடுகள் நிறைந்திருக்கும், இவை மிரளும் என்றார். அத்தை உள்ளிருந்தே, வாயில்லா ஜீவனை நல்ல நாளில் மறிக்காதே என்றார். ஒரு ஓரத்தில் மட்டும் தையலைப் பிரிப்பது என்று முடிவாயிற்று. பிரிக்கவே வெகுநேரம் ஆனது. வலையை மடக்கி, நடுவில் ஒரு கழியைப் பிடுங்கி, மாடு நுழைகிற அளவுக்கு வழி விட்டேன். கட்டிங் பிளேயரை அவர் கையில் கொடுத்து, மாடு ஏறிய நிமிஷமே பழையபடி கட்டிவிட வேண்டும் என்று இரண்டு முறை சொன்னேன். அண்ணன் சிரித்தார்: "கவலைப்படாம உள்ள போய் வேலையைப் பாரும்மா. நீ தச்சதைவிடக் கெட்டியாத் தச்சு வைக்கிறேன்."

தட்டுச் சத்தம்

சொன்னபடியே செய்தார். மாடுகள் ஏறியதும் கழியை நட்டு, வலையை இழுத்து, எல்லாக் கண்ணையும் முறுக்கிக் கட்டிவிட்டு, பழக்கத்தில் கட்டிங் பிளேயரை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். நான் அடுப்பில் இருந்தேன். குழந்தை அத்தையிடம் இருக்கிறாள் என்று நான் நினைத்தேன், என்னிடம் இருக்கிறாள் என்று அத்தை நினைத்தார். குக்கர் ஒரு விசில் அடித்தது. சந்தேகத்துக்குக் கொல்லையை எட்டிப் பார்த்தேன். வேலி பூராவும் அடைத்திருந்தது. அப்பாடா என்று திரும்பும்போது வேலிக்கு அந்தப் பக்கம், கரையில் நிற்கிற பூவரச மரத்துக்குப் பின்னாலிருந்து இனியா எழுந்து நின்றாள். கன்றுக்குட்டியின் பின்னாலேயே போயிருக்கிறாள். அதன் கழுத்திலிருந்து உதிர்ந்த செவ்வந்திப் பூவைப் பொறுக்கிக்கொண்டு மரத்தின் மறைவில் உட்கார்ந்திருந்தவளை முருகையன் அண்ணன் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் சரிவு. மாடுகள் மிதித்து ஒரே சேறு. அதற்குக் கீழே தண்ணீர்.

ஓடிப்போய் வலையைப் பிடித்தேன். என்னைப் பார்த்ததும் பூவைக் காட்டிக்கொண்டு வேலிக்கு வந்தாள். வலைக் கண் வழியாக அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. முடிச்சைப் பிரிக்க இரண்டு கையும் வேண்டும், ஒரு கையை விட்டால் அவள் போய்விடுவாள். எட்டித் தூக்கலாம் என்றால் வேலி என் கழுத்து வரை இருக்கிறது. காலை வைத்து ஏறப் பார்த்தேன். புதிதாக நட்ட கழி அவள் பக்கமாகச் சாய்ந்தது, இறங்கிவிட்டேன். சுற்றிக்கொண்டு போக வழியே இல்லை, ஒரு பக்கம் முள், ஒரு பக்கம் சுவர். அத்தையைக் கூப்பிட்டேன். அதே நேரம் தெருவில் முதலில் மாடு குளிப்பாட்டிய வீடுகளில் பூஜை ஆரம்பித்து, தாம்பாளத்தைக் குச்சியால் தட்டிப் பொங்கலோ பொங்கல் என்று கத்திக்கொண்டே தொழுவத்தைச் சுற்றினார்கள். ஊரே தட்டியது. என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கத்தியதில் குழந்தை மிரண்டு பின்வாங்கினாள். அதனால் கத்துவதை நிறுத்தினேன். சிரித்தேன். அவள் உள்ளங்கையில் நண்டு ஊரும் விளையாட்டு விளையாடினேன். மணிக்கட்டுக்கு மேலே நண்டு ஊர முடியவில்லை, வலை தடுத்தது. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று விரலை ஆட்டினாள். பள்ளியில் தினமும் சொன்ன ஜெபமும் எங்கள் காளியம்மன் பேரும் வாயில் கலந்து வந்தன. அலுத்துப்போய் ஒரு முறை விரலை உருவிக்கொண்டு தண்ணீர்ப் பக்கம் திரும்பினாள். அவள் சட்டை நுனி ஒரு கண் வழியாக என் இரண்டு விரலுக்குள் அகப்பட்டது. அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தட்டுச் சத்தம் கொஞ்சம் ஓய்ந்தபோது அத்தை வந்து பார்த்தார், வாயில் அடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினார். பதற்றத்தில் அவர் வாயில் வேலி, வேலி என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை போலிருக்கிறது. முருகையன் அண்ணன் கையில் கொம்புக்குப் பூசும் பெயிண்ட்டோடு நடந்துதான் வந்தார். வேலியைப் பார்த்துக்கொண்டே வந்தவர், குழந்தையைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்டார்: "கெட்டியாத்தானே கட்டினேன், அதுக்குள்ள அவுந்துருச்சா?"

சொல்லாத சேதி

அண்ணன் இடுப்பிலிருந்த கட்டிங் பிளேயரால் வலையை வெட்டிக் குழந்தையை எடுத்துக் கொடுத்தார். அவர் கையிலிருந்த பெயிண்ட் சிவப்பு அவள் சட்டையிலும் ஒட்டியது. அதைப் பார்த்து இன்னொரு முறை கத்தினேன். இனியாவுக்கு ஒன்றுமில்லை. விரல் நடுவே மட்டும் கம்பி பதிந்த கோடுகள். ராத்திரி வரை என் இடுப்பை விட்டு இறக்கவில்லை. அவள்தான் இறங்க வேண்டுமென்று அழுதாள்.

என் கணவர் வீடியோவில் வரும் நேரமானது. அத்தையும் நானும் அன்று முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. யார் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற கேள்வி சமையலறையில் எங்களோடு மூன்றாவது ஆளாக நின்றது. போன் அடித்ததும் அத்தை அதை எடுத்து என் கையில் கொடுத்தார். கொடுத்தவர் விடவில்லை. "அவன்கிட்டச் சொல்லிடாதேம்மா. உன்மேல தப்புன்னு சொல்லவும் வேணாம், என்மேலன்னு சொல்லவும் வேணாம். அவ்வளவு தூரத்துல கிடந்து தூங்கமாட்டான்."

கொக்கி

காணும் பொங்கலன்று ஊரில் பாதிப் பேர் கோடியக்கரைக்கு வேன் பிடித்துப் போனார்கள். முருகையன் அண்ணன் போகவில்லை. காலையிலேயே மூங்கில் தட்டியும் கயிறுமாக வந்து, வெட்டிய இடத்தில் ஒரு படல் வைத்துக் கொடுத்தார். திறந்து மூடலாம், இனி தையல் பிரிக்க வேண்டாம். இனியாவின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. நான் காபி கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்.

படலுக்குக் கொக்கி மாட்டும்போதுதான் எங்கள் பக்கமா, வாய்க்கால் பக்கமா என்று கேட்டார். எங்கள் பக்கம் என்றேன். உடனே இல்லை என்றேன். உள்பக்கம் வைத்தால் அவள் ஒரு நாள் எட்டித் திறந்துவிடுவாள். வெளிப்பக்கம் வைத்தால் நான் மறுபடியும் உள்ளே நின்றுகொண்டு கத்துவேன். உயரத்தில் வைக்கலாமா என்றால், நாற்காலியை இழுத்துப்போட அவள் எத்தனை நாளில் பழகுவாள்? யோசித்து யோசித்து, இரண்டு பக்கமும் திறக்கிற மாதிரி வையுங்கள் என்றேன். அண்ணன் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முதல் முறையாக என் முகத்தைப் பார்த்து, தாழ்ந்த குரலில் கேட்டார்: "ரெண்டு பக்கமும் திறந்தா, அப்புறம் அது வேலி இல்லையேம்மா?"

கொக்கி இன்னும் மாட்டவில்லை, படலுக்கு முட்டுக்கொடுத்து ஒரு சாக்கு நெல்லைச் சாய்த்திருக்கிறேன், இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்த யோசனையும் ஒன்றுதான்: வேலியின் கடைசி முடிச்சை முறுக்குவதற்கு முன், பிள்ளை எந்தப் பக்கம் நிற்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.